களையோடு களையாகச் சந்தனம்

நூறு செடிகளுக்கு நடுவில் ஒளித்துவைத்தாலும் சந்தனக் கன்றை என்னால் கண்டுபிடித்துவிட முடியும். இலைகள் எதிரெதிராக ஜோடி போட்டு நிற்கும். மேல்பக்கம் பளபளப்பு, அடிப்பக்கம் கொஞ்சம் வெளுப்பு. இளந்தண்டில் லேசாகச் சிவப்பு ஓடும். கசக்கி முகர்ந்தால் பச்சிலை வாசம்தான் வரும், சந்தன வாசம் துளியும் இருக்காது. சின்ன வயதில் இதில் எனக்குப் பெரிய ஏமாற்றம். இவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறாளே, வளர்த்துப் பழகியவள் போலிருக்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் பிடுங்கிப் பழகியவள்.

எங்கள் ஊர் அரூருக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிறது. மலையில் சந்தனப் பழத்தைத் தின்ற குருவிகள் எங்கள் வேலியில் வந்து உட்கார்ந்து எச்சமிடும். ஒரு மழை பெய்தால் வேலியோரமெல்லாம் முளைத்துவிடும். அந்தக் காலத்துச் சட்டப்படி, சந்தனம் யார் நிலத்தில் முளைத்தாலும் அது அரசாங்கத்து மரம். நிலம் நம்முடையது, தண்ணீர் நம்முடையது, காவல் காப்பதும் நாம்தான். மரம் மட்டும் அவர்களுடையது. நாம் வெட்டினால் கேஸ். திருடன் வந்து வெட்டிக்கொண்டு போனாலும் முதல் கேள்வி நிலத்துக்காரருக்குத்தான். இந்த நிலைமையில் புத்தியுள்ள யார் ஒரு சந்தனத்தை வளரவிடுவார்கள்? கொழுந்திலேயே கிள்ளி எறிந்துவிடுவார்கள். களையெடுக்க வரும் பெண்களிடம் அப்பா, "சந்தனத்தப் பாத்து எடுங்க" என்பார். வேறு ஊராக இருந்தால் தவறிப்போய்ப் பிடுங்கிவிடாதீர்கள் என்று அர்த்தம். எங்கள் ஊரில் ஒன்றைக்கூட விட்டுவிடாதீர்கள் என்று அர்த்தம். கோரையோடும் அருகம்புல்லோடும் சந்தனமும் வரப்பில் வாடிக் கிடக்கும்.

மரத்தைக் காப்பாற்ற வந்த சட்டம், மரத்தைக் கண்டால் பிடுங்கு என்று ஓர் ஊருக்கே சொல்லிக்கொடுத்துவிட்டது.

நான் பிற்பாடு பொருளாதாரம் படித்து, மேல்நிலைப் பள்ளியில் அதையே பாடம் நடத்தும் வேலைக்கு வந்தேன். பாடப்புத்தகத்தில் தேவை, அளிப்பு, விலை, அரசின் பங்கு என்று தனித்தனி அத்தியாயமாக இருக்கும். சட்டம் ஒரு பக்கம், சந்தை ஒரு பக்கம், ஒன்றையொன்று திரும்பிப் பார்க்காது. எனக்கு அது ஆகாது. கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டுவிடுவேன். மரம் அருகிப் போனது, அதனால் விலை ஏறியது. விலை ஏறியதால் திருட்டு கூடியது. திருட்டு கூடியதால் சட்டம் இறுகியது. சட்டம் இறுகியதால் ஜனங்கள் இன்னும் வேகமாகப் பிடுங்கினார்கள், மரம் இன்னும் அருகியது. வட்டம் போட்டு முடித்ததும் எனக்கே என்மேல் ஒரு பெருமை வரும். ஒரு வருடம் கடைசி பெஞ்சில் இருந்த மலையோரக் கிராமத்துப் பெண் எழுந்து, "எங்க வூட்டுல இன்னும் புடுங்கறாங்க மிஸ்" என்றாள்.

"சட்டம்தான் மாறிடுச்சே. இப்ப நம்ம நெலத்துல முளைச்சா நம்ம மரம்."

"தெரியுங்க மிஸ். எங்கப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் புடுங்கறாங்க."

வகுப்பே சிரித்தது. நானும் நன்றாகச் சிரித்தேன்.

சிரித்திருக்கக் கூடாது. எங்கள் வீட்டுக் கதையே அதுதான்.

எங்கள் அண்ணனுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். இத்தனை கெடுபிடிக்கு நடுவிலும் எங்கள் வேலியில் ஒரு சந்தனம் எல்லார் கண்ணிலும் மண்ணைத் தூவிவிட்டு, கிளுவைக்கும் சப்பாத்திக்கள்ளிக்கும் நடுவில் வளர்ந்துவிட்டது. நாங்கள் கவனித்தபோது தொடை பருமன் ஆகிவிட்டிருந்தது. அதற்குமேல் கைவைத்தால் குற்றம். அப்பா, "இருந்துட்டுப் போவட்டும், யாரும் அந்தப் பக்கம் போவாதீங்க" என்று சொல்லிவிட்டார். ஒரு நாள் விடிந்து பார்த்தால் அடிக்கட்டை மட்டும் இருக்கிறது.

அண்ணன் ஒரு தப்பும் செய்யாதவர், அதனாலேயே பயம் தெரியாதவர். துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, மரம் திருடு போய்விட்டது என்று சொல்ல அவராகவே வனத்துறை அலுவலகத்துக்குப் போனார். எந்த அலுவலகம் என்பது இப்போது வேண்டாம், அன்றைக்கு அங்கே இருந்தவர்களெல்லாம் ஓய்வுபெற்று எங்கெங்கோ இருப்பார்கள். புகார் சொல்லப் போனவரை உட்கார வைத்துவிட்டார்கள். யாருக்கு விற்றாய், எவ்வளவுக்கு விற்றாய், கூட யார் யார்? கல்யாணப் புடவையின் மடிப்புகூடக் கலையாத அண்ணி, தினமும் தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போவார். சில நாள் உள்ளே வாங்கிக்கொள்வார்கள். சில நாள் போசி அப்படியே திரும்பி வரும். அண்ணன் வீடு திரும்பியபோது முகமெல்லாம் தாடி. கேஸ் ஒன்றும் போடவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

வந்தவர் குளித்தார், சாப்பிட்டார், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார். எங்கள் பக்கத்தில் மேட்டு நிலத்துக்குக் காடு என்றுதான் பேர். அந்த அடிக்கட்டையை வேரோடு தோண்டி எடுத்து, அதையும் யாராவது கேட்பார்களோ என்று பயந்து, வி.ஏ.ஓ.வைக் கூப்பிட்டு வந்து காட்டிவிட்டுத்தான் ஒதுக்கினார். அன்றிலிருந்து சந்தனம் என்ற வார்த்தையே அவர் வாயில் வராது. "கவர்மெண்ட்டு மரம்" என்றுதான் சொல்வார். கல்யாண வீடுகளில் வாசலில் சந்தனக் கிண்ணத்தை நீட்டினால் குங்குமத்தை மட்டும் தொட்டு வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

சட்டம் மாறிய செய்தியைப் பேப்பரில் பார்த்துவிட்டு, அதைச் சொல்வதற்கென்றே பஸ் ஏறி ஊருக்குப் போனேன். சொந்த நிலத்தில் வளர்ந்த மரம் இனிமேல் நிலத்துக்காரருக்கே சொந்தம் என்று ஒரு சொற்பொழிவே நடத்தினேன். அண்ணன் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டே கேட்டார்.

"மரம் நம்முதுங்கற. வெட்டறதுக்கு யாரக் கேக்கோணும்?"

"அனுமதி வாங்கணுங்கண்ணா."

"விக்கறதுக்கு?"

"அதுவும் வனத்துறை வழியாத்தான்."

"அப்பறம் எதுக்கு நம்முதுன்னு சொல்றாங்க, பாப்பா?"

எங்கள் பக்கத்தில் தங்கச்சிக்குத் தலை நரைத்தாலும் பாப்பாதான். அன்றைக்கு அந்தப் பாப்பா சொற்பொழிவை முடித்துக்கொண்டு, மிச்சத் தட்டை அள்ளி மாட்டுக்குப் போட்டாள்.

அதற்கப்புறம் வருடங்கள் ஓடின. மேட்டுக்காட்டில் போர்வெல் வற்றியது. இன்னொன்று போட்டோம், புழுதிதான் வந்தது. மரவள்ளி போட்டால் களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை. அண்ணன் பிள்ளைகள் இருவரும் ஓசூரிலும் பெங்களூரிலும் வேலைக்குப் போய்விட்டார்கள். மேட்டுக்காடு சும்மா கிடந்தது. விவசாயி அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அண்ணன் முகத்தைப் பார்த்தாலே தெரியும். அந்தச் சமயத்தில்தான் அரசாங்கமே சந்தனக் கன்றுகளை இலவசமாகக் கொடுக்கிறது என்று அண்ணி கேள்விப்பட்டார். மரம் வளர்ந்தால் வெளிநாட்டுக்கு அனுப்பலாம், விவசாயிக்கு வருமானம், மண்ணுக்கு நிழல் என்று இப்போது கொள்கை மாறியிருந்தது. நாட்டுக்குச் சந்தனம் தேவைப்பட்டது. வளர்ப்பவர் பயந்தால் வளராது என்று அவர்களுக்கும் ஒருவழியாகப் புரிந்திருக்க வேண்டும்.

அண்ணி என்னிடம் ரகசியமாகச் சொல்லி, என் செல்போனிலேயே பெயரைப் பதிவுசெய்ய வைத்தார். கன்றுகளை ஷேர் ஆட்டோவில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கினார். காட்டிலிருந்து வந்த அண்ணன் ஒரே பார்வையில் இலையை அடையாளம் கண்டுகொண்டார். கைகால்கூடக் கழுவாமல் அப்படியே நின்றாராம். அப்புறம் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அண்ணன் பேசாமல் இருப்பதுதான் அண்ணிக்குத் தாங்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்துக்கு நான் போனேன். என் பேச்சு எடுபடவில்லை. அண்ணிதான், அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் பேசினார்.

"ஏனுங்க, அன்னிக்கு ஒத்த மரத்துக்காவ உங்கள உக்கார வெச்சாங்க. நான் போசியத் தூக்கிட்டு வாசல்ல நின்னன். இன்னிக்கு அவங்களே கன்னு குடுக்கறாங்க. அதெ வாங்கி நட்டு, அவங்க கண்ணு முன்னாடியே வளத்துக் காட்டோணும் எனக்கு. காசு வருதோ இல்லியோ, நம்ம காட்டுல அது பயமில்லாம நிக்கோணுங்க."

அண்ணன் கீழே சிதறிய அவரைக்காய்களைப் பொறுக்கி அரிவாள்மணைப் பக்கம் வைத்தார். பிறகு, "எல்லாம் மொறையா நடக்கோணும்" என்றார். அதுதான் சம்மதம்.

முறை என்றால் எங்கள் அண்ணன் முறை. கன்றை நட்ட ஈரம் காய்வதற்குள் பட்டா, சிட்டா, ஆதார், கன்று வாங்கிய ரசீது எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வி.ஏ.ஓ. அலுவலகம் போனார். துணைக்கு நானும் போனேன். இப்போது இருப்பவர் சின்ன வயதுப் பெண், பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவர். அடங்கலில், அதாவது கிராமப் பயிர்க் கணக்கில், சந்தன மரங்களை ஏற்ற வேண்டும் என்று அண்ணன் சொன்னார்.

"ஐயா, கன்னு முழங்கால் உசரம்கூட இல்லீங்களே. கொஞ்சம் வளரட்டும், நானே வந்து பாத்து எழுதறேங்க."

"வளந்தப்பறம் எழுதினா, எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பாங்கம்மா. இப்பவே எழுதீருங்க. செத்தாலும் செத்துச்சுன்னு எழுதிக்கங்க."

அந்தப் பெண் சர்வே நம்பரைக் குறித்துக்கொண்டார். ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் ஸ்கூட்டியில் காட்டுக்கே வந்து, வெயிலில் நடந்து பார்த்து எழுதினார். நகல் கேட்டபோது முத்திரை குத்திக் கொடுத்தார். அண்ணன் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, வண்டி மறையும்வரை நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அந்தப் பழைய வனத்துறை அலுவலகம் ஞாபகம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பிரச்சினை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. மேட்டுக்காட்டைச் சுற்றியிருந்த வேலியை அண்ணன் வெட்டித் தள்ளிவிட்டார். கன்றுகளைச் சுற்றி ஒரு புல் பூண்டு இல்லாமல் கொத்திச் சுத்தம் செய்தார். கன்று வந்த பையிலேயே ஒவ்வொன்றோடும் ஒரு பொன்னாங்கண்ணிக் கொடியும் இருந்தது, அதையும் களை என்று பிடுங்கிவிட்டார். ஒவ்வொரு கன்றின் பக்கத்திலும் குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டினார். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தாலே ஒவ்வொரு கன்றும் தெரியும்.

"எதுக்குங்கண்ணா இவ்வளவு வெட்டவெளியா?" என்று கேட்டேன்.

"யாரு வந்து நின்னாலும் தெரியோணும், பாப்பா. மறச்சு வெச்சு வளத்தான்னு ஒரு சொல்லு வந்தரக் கூடாது."

கன்றுகள் வெளுக்க ஆரம்பித்தன. அண்ணன் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார். எரு வைத்தார். இன்னும் நன்றாகக் களையெடுத்தார். ஒவ்வொன்றாக இலை உதிர்ந்து காய்ந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தபோது, காய்ந்த குச்சிகளெல்லாம் சிவப்புத் துணியோடு வரிசையாக அப்படியே நிற்கின்றன. செத்ததை ஏன் பிடுங்கவில்லை என்று கேட்டேன்.

"அடங்கல்ல எழுதியிருக்குதில்ல. நாளைக்கு வந்து, மிச்சம் எங்க, யாருக்குக் குடுத்தீன்னு கேட்டா எதக் காட்டறது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. விரல் பருமன்கூட இல்லாத காய்ந்த குச்சியை யார் வந்து கணக்கு கேட்கப் போகிறார்கள்? ஒருவரும் வரப்போவதில்லை. ஆனால் அண்ணனைப் பொறுத்தவரை அவர்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

பள்ளியில் என் பக்கத்து நாற்காலி தாவரவியல் ஆசிரியைக்கு. அவரிடம் புலம்பியபோது அவர் சிரித்துவிட்டார். சந்தனம் தானாகத் தன் வயிற்றை முழுசாக நிரப்பிக்கொள்ளாதாம். பக்கத்துச் செடியின் வேரோடு தன் வேரைக் கோத்துத்தான் பிழைக்குமாம். அதற்குத்தான் பையிலேயே பொன்னாங்கண்ணி வைத்துத் தருகிறார்களாம். "சுத்தமா வெச்சா பட்டினிதான் டீச்சர்" என்றார். வேலிப் புதருக்குள் ஒளிந்து முளைத்ததெல்லாம் ஏன் அப்படிக் கொழித்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அண்ணனிடம் சொன்னேன். அவருக்கு இரண்டு சங்கடம். ஒன்று, பேர்பெற்ற விவசாயி தன் காட்டில் களையை விட்டுவைத்தால் ஊர் என்ன சொல்லும்? இன்னொன்று, "பக்கத்துல செடி வெச்சா மறஞ்சு போயிருமே, பாப்பா." இந்த இரண்டாவதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

அண்ணி யாரிடமும் கேட்கவில்லை. அடுத்த மழைக்கு, உயிரோடிருந்த கன்றுகளைச் சுற்றித் துவரையை விதைத்துவிட்டார். "டீச்சரம்மா சொன்னா, வெதச்சுட்டன்" என்று பழியை என்மேல் போட்டார். துவரை முளைத்தது, வளர்ந்தது, சிவப்புத் துணிகளை மூடியது. அண்ணன் பஸ் ரோட்டில் போய் நின்று பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்து கொடுவாளை எடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டே அண்ணி அடுப்பில் வேலையாக இருந்தாராம், தடுக்கவில்லையாம். அண்ணன் காட்டுக்குள் போய்த் துவரையை விலக்கிப் பார்த்திருக்கிறார். வெளுத்துக் கிடந்த கன்றில் ஒரு ஜோடிக் கொழுந்து விட்டிருந்தது. கொடுவாளை அப்படியே கொண்டுவந்து எறவாணத்தில் செருகிவிட்டார். சாப்பிடும்போது அண்ணியிடம், "தொவரை நல்லா வந்திருக்குது" என்று மட்டும் சொன்னாராம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கீழ்க்காட்டு நிலக்கடலையில் களை மண்டிவிட்டது, ஆள் வரவில்லை. மூவரும் உட்கார்ந்து எடுத்துக்கொண்டிருந்தோம். அண்ணி கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தார். நான் வழக்கம்போலப் பேசிக்கொண்டே எடுத்தேன். சொந்த நிலத்து மரத்தை விற்பதை இன்னும் சுலபமாக்க வேண்டும், உரிமையைக் கொடுத்துவிட்டு வழியை அடைத்தால் எப்படி, சட்டத்தை மாற்றுவது பெரிய காரியமில்லை, ஜனங்களை நம்ப வைப்பதுதான் பெரிய காரியம் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. வரப்போரம் வந்ததும் அண்ணன் களைக்கொத்தை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தார்.

நானும் குனிந்து பார்த்தேன். கோரைக்கும் அருகுக்கும் நடுவில், எதிரெதிராக ஜோடி இலை. தண்டில் லேசான சிவப்பு. வேரில் மண் ஒட்டியிருந்தது. குருவி போட்ட விதை, தானாக முளைத்தது. நான் பிடுங்கியிருக்கிறேன். எப்போது பிடுங்கினேன் என்றுகூட எனக்குத் தெரியாது. கடைசி பெஞ்சுப் பெண்ணின் குரல் காதில் கேட்டது.

அண்ணன் என் விரல்களைப் பிரித்து அந்தக் கன்றை எடுத்துக்கொண்டார். வரப்பில், அருகம்புல்லுக்குப் பக்கத்திலேயே, களைக்கொத்தால் குழி பறித்தார். புல்லை ஒரு இணுக்குகூட எடுக்கவில்லை. கன்றை இறக்கி, மண்ணை அணைத்து, உள்ளங்கையால் மெல்ல அமுக்கினார். குடிக்க வைத்திருந்த பாட்டிலைத் திறந்து தண்ணீரை ஊற்றினார். பிறகு, பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயதில் என்னை அதட்டுவாரே, அந்தக் குரலில் சொன்னார்.

"நம்ம மரத்த நாமளே புடுங்கலாமா, பாப்பா?"

முன்னால் போய்க்கொண்டிருந்த அண்ணியின் களைக்கொத்துச் சத்தம் நின்றுவிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, முந்தானையை மட்டும் எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான், இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்துங்கண்ணா என்றேன். பாட்டிலில் மிச்சமிருந்ததையும் அண்ணன் ஊற்றினார்.